இளங்கலையில் மானிடவியல்: காவிரிப் படுகை மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பகுதி மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் மானிடவியல் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே ஐயங்களாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக வைத்திருக்கிறேன்.

மானிடவியல்னா என்னங்க? பேரே புதுசா இருக்கே.

மனிதரை உடல், மொழி, வாழ்முறை, கடந்தகாலம் ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்து ஆராயும் துறை மானிடவியல். இதற்கு வழக்கமாக நான்கு கிளைகள் சொல்லப்படுகின்றன. உறவுமுறை, சடங்கு, பொருளாதாரம், அதிகாரம் ஆகியவற்றை ஆராய்வது சமூகப் பண்பாட்டு மானிடவியல்; மனித உடலின் பரிணாமத்தையும் வேறுபாடுகளையும் ஆராய்வது உயிரியல் மானிடவியல்; மண்ணுக்கடியில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பழைய வாழ்க்கையை மீட்டெடுப்பது தொல்லியல்; பேச்சுக்கும் சமூகத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது மொழியியல் மானிடவியல்.

நான்குக்கும் காவிரிப் படுகையில் வேலை உண்டு. மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன்கண்டியூரில் 2006ஆம் ஆண்டு கிடைத்த கற்கோடரியில் இருந்த குறிகளைச் சிந்துவெளிக் குறியீடுகள் என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். அந்தக் கருத்தை எப்படிச் சோதிப்பது என்பது தொல்லியலின் கேள்வி. அதே ஊரில் இன்று நடவுக்கு ஆள் எப்படித் திரட்டப்படுகிறது என்பது சமூக மானிடவியலின் கேள்வி.

சமூகவியல் இருக்கு, வரலாறு இருக்கு. அப்புறம் இது எதுக்கு?

வரலாறு பெரும்பாலும் ஆவணங்களையும் கல்வெட்டுகளையும் நம்புகிறது; சமூகவியல் பெருந்தொகையான மக்களிடம் திரட்டும் தரவுகளை நோக்கி அதிகம் சாய்கிறது; மானிடவியலாளர் ஒரு சிறிய இடத்தில் நீண்ட காலம் தங்கி, மக்கள் சொல்வதையும் செய்வதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். வேறுபாடு முறையில்தான் இருக்கிறதே தவிர, ஆராயும் பொருளில் அவ்வளவாக இல்லை.

இந்தியாவில் இந்த எல்லைக்கோடு மேலும் மெல்லியது. ஆக்ஸ்போர்டில் சமூக மானிடவியல் பயின்ற எம்.என். சீனிவாஸ் 1959இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய துறைக்குச் சமூகவியல் துறை என்றுதான் பெயர். ஆகவே பி.ஏ. சமூகவியல் படிப்பவர் மானிடவியலுக்கு அந்நியர் ஆகிவிடுவதில்லை. இது ஏன் நம் பகுதி மாணவர்களுக்கு முக்கியம் என்பது கல்லூரிகளைப் பற்றிய பதிலில் தெரியும்.

மானிடவியல்னா பழங்குடி மக்களைப் பத்தித்தானே? எங்க தஞ்சாவூர்ப் பக்கம் வயலும் கோயிலும்தானே இருக்கு, இங்க படிக்க என்ன இருக்கு?

நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. ஏனெனில் இந்தியாவிலேயே மானிடவியலாளர்கள் மிக நுட்பமாக ஆராய்ந்த வட்டாரங்களுள் பழைய தஞ்சை மாவட்டமும் ஒன்று, அது இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை. பிரிட்டனைச் சேர்ந்த காத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை இம்மாவட்டத்தின் இரண்டு கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார். அவற்றுக்குக் கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்று புனைபெயர் இட்டார். பின்னர் 1976இல் திரும்பிவந்து, கால் நூற்றாண்டில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று அதே கிராமங்களில் பார்த்தார். அந்த ஆய்வுகள் 1981லும் 1989லும் இரு நூல்களாக வெளிவந்தன. ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் ஸ்ரீபுரம் என்று அவர் பெயரிட்ட தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கி, சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்தும் பிரிந்தும் நிற்கின்றன என்று எழுதிய நூல் 1965இல் வந்தது. நிலம் ஒருவரிடமும் வாக்கு வலிமை இன்னொருவரிடமும் சடங்கு மதிப்பு மூன்றாமவரிடமும் இருக்கும் நிலை எப்படி உருவானது என்பதை இன்றும் பல நாட்டு மாணவர்கள் அந்தக் கிராமத்தை வைத்தே கற்கிறார்கள்.

அக்காலத்து ஆய்வாளர்களை இங்கே இழுத்துவந்தது நிலவுடைமை. பண்ணையாள் முறையும் குத்தகை முறையும் இங்கே வேரூன்றி இருந்ததால்தான் தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952இல் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் இதே மண்ணில்தான். ஒரு வட்டாரத்தில் இப்படி நடக்க நிலம், சாதி, கூலி ஆகியவை எப்படிக் கூடின என்று கேட்பது மானிடவியலின் மையமான கேள்வி.

இன்றைக்கு ஆராய வேண்டியவையும் குறைவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தாலும் தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே நீர் பங்கிடப்படும் விதம், நடவுப் பெண்களின் வேலை குறைந்து வங்காளத்திலிருந்து ஆண்கள் நடவுக்கு வருவது, சுவாமிமலைச் சிற்பிகளின் தொழில் பழக்கம், நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் குடும்பங்கள், நாகூர்க் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் எல்லாச் சமயத்தாரும் கூடுவது என்று பட்டியல் நீளும். பழங்குடி மக்களும் இங்கே இல்லாமல் இல்லை: இருளர் இருக்கிறார்கள், நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது.

ப்ளஸ் டூல எந்த குரூப் எடுத்திருக்கணும்?

பட்டம் பி.ஏ.வா பி.எஸ்சி.யா என்பதைப் பொறுத்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இது பி.எஸ்சி. ஆனர்ஸ் படிப்பாக நடத்தப்படுவதால் உயிரியல் எடுத்தவர்களுக்கே அங்கே வழி எளிது, பி.ஏ.வாக நடத்தும் இடங்களில் கலைப் பிரிவு, வணிகவியல் மாணவர்களும் சேரலாம். சேர நினைக்கும் நிறுவனத்தின் அவ்வாண்டு அறிவிக்கையை நீங்களே படியுங்கள். தெரிந்தவர் சொன்னதை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

கும்பகோணத்துலயோ தஞ்சாவூர்லயோ எந்தக் காலேஜ்ல இது மேஜரா இருக்கு?

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மானிடவியலை இளங்கலை மேஜராகக் காண்பது மிக அரிது. நம் மாவட்டக் கல்லூரிகளை நம்பித் திட்டமிட வேண்டாம் என்றே சொல்வேன். நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கியூட் எனப்படும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு எழுதித் தில்லி போன்ற வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போவது. இரண்டாவது, இக்னோ என்று அழைக்கப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது. இதில் செய்முறைப் பாடங்கள் இருப்பதால் உங்களுக்கு எட்டும் தொலைவில் அந்தப் பாடத்துக்குப் படிப்பு மையம் உண்டா என்பதைச் சேருமுன் கட்டாயம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது வழியைத்தான் நம் பகுதியின் பெரும்பாலான மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். உள்ளூரிலேயே சமூகவியல், வரலாறு, தமிழ், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றில் இளங்கலை முடித்துவிட்டு, முதுகலையில் மானிடவியலுக்கு மாறுவது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல் துறைகள் உள்ளன. முதுகலைக்குப் பெரும்பாலும் பிற பாடப் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மயிலாடுதுறைக்காரருக்குப் புதுச்சேரி, சிதம்பரம் கடலூர் வழியாகப் பேருந்தில் சில மணி நேரப் பயணம்தான். வீட்டில் பணம் இல்லாதவர் மூன்றாண்டுகள் தில்லி விடுதிச் செலவைத் தாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இதற்கிடையே தஞ்சாவூரில் 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தை மறந்துவிடாதீர்கள். அங்கே நாட்டுப்புறவியலுக்கும் கல்வெட்டியல், தொல்லியலுக்கும் துறைகள் இருக்கின்றன. கருத்தரங்குகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டாலே மானிடவியலுக்குப் பாதி வாசல் திறக்கும்.

மேஜர், மைனர், அலைடுன்னு மூணும் சொல்றாங்க. என்ன வித்தியாசம்?

மேஜர் என்பது உங்கள் பட்டத்தின் பெயராக வரும் முதன்மைப் பாடம். அலைடு என்பது நம் மாநிலக் கல்லூரிகளில் முதன்மைப் பாடத்துக்குத் துணையாகத் துறையே வகுத்துத் தரும் பாடம். அதை மாணவர் தேர்ந்தெடுப்பது குறைவு. மைனர் என்பது மாணவர் தாமே விரும்பி எடுத்துப் பல பருவங்கள் தொடர்ந்து படிக்கும் இரண்டாவது பாடம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பில், மூன்றாண்டுப் படிப்பின் 120 கிரெடிட்டில் மேஜருக்கு 60, மைனருக்கு 24 என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டமைப்பைப் பின்பற்றும் நிறுவனங்களில்தான் மைனர் என்ற ஏற்பாடு இருக்கும். நம் மாநில அரசுக் கல்லூரி மாணவர்கள் அலைடு என்ற ஏற்பாட்டையே காண்பார்கள்.

அப்ப மேஜராவே எடுக்கணுமா, மைனரா எடுத்தா போதுமா?

ஆராய்ச்சியாளராகவோ ஆசிரியராகவோ ஆக விரும்புபவர் மேஜராக எடுப்பதோ, முன்பதிலில் சொன்னபடி முதுகலையில் முழுமையாக நுழைவதோ நல்லது. பொருளாதாரம், உளவியல், இதழியல், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் ஊன்றியவருக்கு மைனர் மிகப் பொருத்தம். மைனராக எடுப்பவர் கோட்பாட்டுத் தாள்களை மட்டும் எடுத்துக் களப்பணித் தாளை விட்டுவிடுவது மட்டும் கூடாது. அதை விட்டால் இந்தப் படிப்பில் மிஞ்சுவது சொற்கள்தான்.

மூணு வருஷம் என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க?

முதலாண்டில் நான்கு கிளைகளுக்கும் அறிமுகம், மனிதப் பரிணாமம், குடும்பம், திருமணம், உறவுமுறை ஆகியவை வரும். அடுத்து பொருளாதாரம், அரசியல், சமயம், கோட்பாடுகளின் வரலாறு, தொல்பழங்காலம், இந்தியச் சமூகம், ஆய்வு முறைகள். இறுதியாண்டில் களப்பணியும் அதன் அறிக்கையும்.

இவற்றுள் நம் பிள்ளைகள் உடனே பற்றிக்கொள்வது உறவுமுறைப் பாடத்தை. அப்பாவின் உடன்பிறந்த ஆண்கள் பெரியப்பா, சித்தப்பா. அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை. அம்மாவின் உடன்பிறந்த ஆண்களோ மாமா. அவர்களுடைய பிள்ளைகள் பலருக்கு முறைப்பிள்ளைகள். இரத்தத் தொடர்பு ஒரே அளவாக இருந்தும் ஒரு பக்கத்தில் மணம் விலக்கப்பட்டதாகவும் மறுபக்கத்தில் உரிமையாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வி உலக மானிடவியலின் பழம்பெரும் கேள்விகளுள் ஒன்று. அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், மதபோதகர்கள் வழியாகத் திரட்டிய பட்டியல்களைக் கொண்டு, தமிழரின் உறவுமுறையும் வட அமெரிக்க இரோக்குவாய் மக்களின் உறவுமுறையும் வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதாக 1871இல் எழுதினார். அந்த ஒற்றுமையிலிருந்து இரு மக்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர் எடுத்த முடிவு நிற்கவில்லை. ஆனால் அவர் திறந்துவிட்ட ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. தம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே இந்தப் பாடத்தைப் படிக்கும் நல்வாய்ப்பு தமிழ் மாணவருக்கு உண்டு.

மண்டை ஓடு, எலும்பெல்லாம் அளக்கணுமாமே? உண்மையா?

எலும்புகளை இனங்காண்பதும் உடல் அளவைகள் எடுப்பதும் உயிரியல் மானிடவியலின் செய்முறையில் உண்டு. வளரும் குழந்தைகளின் ஊட்ட நிலை, தடயவியலில் எலும்பைக் கொண்டு வயதையும் பாலினத்தையும் கணிப்பது, அரிவாள் செல் இரத்தசோகை போன்ற மரபணு நோய்கள் பரவியிருக்கும் விதம் ஆகியவற்றுக்கு இந்த அறிவு தேவைப்படுகிறது. அளவையை வைத்து மக்களை உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று வரிசைப்படுத்திய பழைய வழக்கத்தைத் துறை கைவிட்டுவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் தனிக் கேள்வியே வருகிறது.

களப்பணின்னா என்ன? நாலு பேரைப் பேட்டி எடுத்துட்டு வர்றதுதானே?

பேட்டி அதில் ஒரு பகுதி மட்டுமே. முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினிக்கு அருகிலுள்ள டிரோபிரியண்டு தீவுகளில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நீண்டநாள் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, அன்றாட வாழ்வில் கலந்து ஆராய்ந்த முறையை 1922இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அதன்பிறகு பங்கேற்று உற்றுநோக்குதல் என்ற அந்த முறையே இத்துறையின் அடையாளமாயிற்று. ஒருவர் கேள்விக்குச் சொல்லும் பதிலும் அவர் உண்மையில் செய்வதும் வேறாக இருக்கும் இடங்களைக் கண்டுபிடிப்பதற்குத் தங்கியிருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றி ஆய்வு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விவசாயியிடம் கேட்டால் ஈரப்பதம், சிப்பம், காத்திருப்பு என்று குறைகளைச் சொல்வார். பணியாளரிடம் கேட்டால் விதிகளைச் சொல்வார். சுமைதூக்குவோரிடம் கேட்டால் கூலியைச் சொல்வார். ஓர் அறுவடைக் காலம் முழுவதும் களத்தில் இருந்தால்தான் யாருடைய நெல் முதலில் எடைபோடப்படுகிறது, யார் இரவில் குவியலுக்குக் காவல் படுக்கிறார், குத்தகைக்காரர் யாருடைய பெயரில் சீட்டு வாங்குகிறார், மழை வரும் நாளில் தார்ப்பாய் யாருக்குக் கிடைக்கிறது என்பன தெரியவரும். இவற்றில் எதையும் வினாத்தாளில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க முடியாது, ஏனெனில் போவதற்கு முன் இவை கேள்விகள் என்றே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிவிட வேண்டும், எழுதியதற்குப் படி எடுத்து வேறிடத்திலும் வைக்க வேண்டும். எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் செய்த களப்பணியை வைத்து ஒழுங்குபடுத்தியிருந்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970இல் அமெரிக்காவில் அவர் இருந்த ஆய்வு மையத்தில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோயின. அவர் நினைவிலிருந்தே அந்த ஊரைப் பற்றி எழுதி 1976இல் நூலாக்கினார். எல்லோராலும் அது இயலாது.

பொம்பளைப் புள்ளையத் தனியா ஊர் ஊரா எப்படிங்க அனுப்பறது?

அம்மாக்கள் கேட்கும் இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. இளங்கலை அளவில் களப்பணி பெரும்பாலும் ஆசிரியரின் பொறுப்பில் குழுவாகவே நடக்கும். தங்குமிடத்தைத் துறையே ஏற்பாடு செய்யும். சேருமுன் துறைத் தலைவரிடம் யார் உடன் வருவார், எங்கே தங்குவார்கள், புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்று நேரில் கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் தயங்குவது சரியே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அடுப்படியிலும் நடவு வரிசையிலும் பிரசவ அறையிலும் பேசப்படுவதை ஆண் ஆய்வாளர் கேட்கவே முடியாது. பெண்கள் இத்துறைக்கு வராவிட்டால் ஊரில் பாதிப் பேருடைய வாழ்க்கை எழுதப்படாமலே போகும்.

இங்கிலீஷ் அவ்வளவா வராது. தமிழ்ல படிக்க முடியுமா?

தொடங்குவதற்குத் தமிழ் போதும். பக்தவத்சல பாரதி எழுதிய பண்பாட்டு மானிடவியல் என்னும் நூல் பாடநூல் அளவுக்கு விரிவானது. தமிழகப் பழங்குடிகளைப் பற்றியும் மானிடவியல் கோட்பாடுகளைப் பற்றியும் அவருடைய தனி நூல்கள் உள்ளன. ஆனால் வகுப்பும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும், நம் தஞ்சைக் கிராமங்களைப் பற்றிய ஆய்வுகள்கூட ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. இக்னோவின் மானிடவியல் பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் ஓர் இயலைப் படித்துவிட்டு அதே பொருளை அந்தப் பாடத்தில் படித்தால் ஓராண்டில் ஆங்கில நடை பிடிபட்டுவிடும்.

களத்தில் நிலைமை தலைகீழாகிறது. கடைமடை விவசாயி எந்தத் தொனியில் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதை மொழிபெயர்ப்பாளர் வழியாக அறிய இயலாது. தமிழில் பிறந்த மாணவருக்கு அது முயலாமலே வாய்த்திருக்கிறது.

ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு இது நல்ல பாடம்னு சொல்றாங்களே?

குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்களில் விருப்பப் பாடத்துக்கு 500. தலா 250 மதிப்பெண் கொண்ட இரண்டு தாள்கள். மானிடவியலும் அந்தப் பட்டியலில் உண்டு. பாடத்திட்டம் அளவோடு இருப்பதாலும் இரண்டாம் தாள் இந்தியச் சமூகத்தையும் பழங்குடியினரையும் பற்றியதாக இருப்பதாலும் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு மானிடவியலில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. பொறியாளர்களும் மருத்துவர்களும் எடுக்கிறார்கள். ஆகவே தேர்வை மட்டும் மனத்தில் வைத்து இதில் பட்டம் படிக்காதீர்கள். தமிழ்நாட்டரசின் குரூப் 1 தேர்வில் விருப்பப் பாடமே கிடையாது என்பதையும் நினைவில் வைக்கவும்.

சரி, படிச்சா என்ன வேலை கிடைக்கும்?

இளங்கலையோடு நிறுத்தினால் மானிடவியலாளர் என்ற பெயரில் வேலை கிடைப்பது கடினம். எந்தப் பட்டமும் போதுமான பணிகளுக்கே போட்டியிட வேண்டியிருக்கும். முதுகலை முடித்தவர்களுக்குத்தான் கதவுகள் திறக்கின்றன. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1945 முதல் இயங்கும் இந்திய மானிடவியல் மதிப்பாய்வகம், அருங்காட்சியகங்கள், பழங்குடியினர் நலத் திட்டங்கள், பொதுச் சுகாதார ஆய்வுகள், தொண்டு நிறுவனங்களின் களமதிப்பீடு, நிறுவனங்களுக்காகப் பயனாளர்களின் பழக்கங்களை ஆராயும் பணி ஆகியவை அவற்றுள் சில. மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையம் மைசூரில் இருக்கிறது. அந்த நிறுவனம் 1985இல் கே.எஸ். சிங் தலைமையில் தொடங்கிய இந்திய மக்கள் திட்டம் நாடு முழுவதும் 4,635 சமூகங்களை இனங்கண்டு பதிவு செய்தது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு மானிடவியலில் நடக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் துறைகளே குறைவு என்பதால் பணியிடங்களும் குறைவு. உடனே சம்பளம் வந்தாக வேண்டிய வீட்டுப் பிள்ளை இதை எடுக்குமுன் நன்கு யோசிக்க வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

நான் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன். எனக்கு இதால ஏதாவது உபயோகம் உண்டா?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன்பின் வீடு கட்டவும் படகு வழங்கவும் வந்தவர்கள் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளோடு சேர்ந்து பணியாற்ற வேண்டியிருந்தது. நிவாரணத்தை விரைவாகப் பங்கிட அந்தப் பஞ்சாயத்துகள் பேருதவியாக இருந்தன. அதேவேளையில் கணவரை இழந்த பெண்களும் மீன்பிடிக்காத தலித் குடும்பங்களும் பட்டியலில் விடுபட்டதாகப் புகார்களும் எழுந்தன. கடலோரத்தில் வீடு கட்டும் பொறியாளருக்கு இந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்தே தெரிந்திருக்க வேண்டும். மீனவருக்கு வலை காயப்போடவும் கருவாடு உலர்த்தவும் படகைக் கண்ணால் காணவும் இடம் வேண்டும் என்பதும் கட்டட வரைபடத்துக்குள் வரவேண்டிய செய்திதான். பொறியியல் மாணவர் ஒரு விருப்பப் பாடமாகவேனும் இதைப் படிக்கலாம்.

சொந்த ஊர்லயே களப்பணி பண்ணலாமா? அங்கதான் எல்லாரையும் தெரியுமே.

பண்ணலாம், ஆனால் எல்லோரையும் தெரியும் என்பது பாதி உண்மைதான். உங்கள் தெருவை உங்களுக்குத் தெரியும். காலனித் தெருவில் எத்தனை வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே பிறந்த மாணவர் மேலத்தெருவைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வாளர் எங்கே தங்குகிறார், யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்பதே அவருக்கு யார் வாய்திறப்பார்கள் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பெத்தேய் ஸ்ரீபுரத்தில் அக்கிரகாரத்து வீடொன்றில் தங்கியதால் பிராமணர்களோடு சேர்த்தே பார்க்கப்பட்டார். ஆதிதிராவிடர்களைப் பற்றித் தமக்குக் கிடைத்த தரவு அந்த அளவுக்கு நிறைவானதில்லை என்று அவரே தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். வெளியாளுக்கே அப்படியென்றால், சாதியும் சொந்தமும் ஊரறிந்த பிள்ளைக்கு இன்னும் கடினம்.

என் கருத்து இது: முதல் களப்பணியை வேறு ஊரில் செய்யுங்கள், பயிற்சிக்குப் பிறகு சொந்த ஊருக்கு வாருங்கள். வரும்போது உங்கள் குடும்பம் யார், நிலம் எவ்வளவு, எந்தத் தெரு என்பதை அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே எழுதிவிடுங்கள். படிப்பவர் உங்கள் பார்வையின் எல்லையை அதைக் கொண்டு கணித்துக்கொள்வார்.

ஜாதியைப் பத்திக் கேட்டா சண்டை வராதா?

நேராகக் கேட்டால் வரலாம், கேட்கவும் வேண்டாம். யார் யாருக்கு நடவு செய்கிறார், கோயில் தேர்வடத்தை யார் எந்தப் பக்கம் பிடிக்கிறார், சுடுகாட்டுப் பாதை எது, பந்தியில் யார் எங்கே உட்காருகிறார் என்று கவனித்தாலே பெரும்பகுதி தெரிந்துவிடும். பகை புகைந்துகொண்டிருக்கும் ஊரில் மாணவரை இறக்குவது ஆசிரியரின் தவறு. ஒரு தரப்பு சொன்னதை மறுதரப்பிடம் சொல்லாதிருப்பது இந்தத் துறையின் முதல் ஒழுக்கம். அதைக் காக்க முடியாதவர் இப்பணிக்கு வரக்கூடாது.

வெள்ளைக்காரன் நம்ம மூக்கை அளந்து வச்ச படிப்புதானே இது? அதை ஏன் நாம படிக்கணும்?

குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுக்கருவிகளோடு ஊர் ஊராகப் போய்த் தலையையும் மூக்கையும் அளந்தார்; ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பட்டியலிட்டார். ரிஸ்லி என்ற அதிகாரி மூக்கின் அளவுக்கும் சாதிப் படிநிலைக்கும் தொடர்பு உண்டு என்றே வாதிட்டார். சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று சட்டம் முத்திரை குத்திய காலமும் அதுதான்.

ஆனால் அந்த வாதத்தை உடைத்தவர்களுள் இத்துறையினரும் உண்டு. ரிஸ்லியின் அளவுகளையே எடுத்து, அவர் சொன்ன தொடர்பு இந்தியா முழுவதற்கும் பொருந்தவில்லை என்று 1932இல் காட்டியவர் கேம்பிரிட்ஜில் மானிடவியல் பயின்ற ஜி.எஸ். குர்யே. ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் இடையே உள்ளதைவிட ஒரே குழுவுக்குள்ளேயே மரபணு வேறுபாடு மிகுதி என்பது இன்று இத்துறையின் அடிப்படைப் பாடம். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்ததை ஒதுக்கித் தள்ளினால் அது அப்படியே மேற்கோளாகத் தொடரும். படித்து, சோதித்து, திருத்தி எழுதினால்தான் மாறும். அளக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த நாற்காலிகளில் உட்கார வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

நாங்க எழுதற அறிக்கையை ஊர்க்காரங்க படிச்சுட்டுக் கோவிச்சுக்கிட்டா என்ன செய்யறது?

கும்பப்பேட்டை, கிரிப்பூர், ஸ்ரீபுரம் எல்லாம் ஏன் புனைபெயர்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. குத்தகையை மறைத்தவர், கள்ளத்தனமாக மதகைத் திறந்தவர், வீட்டுச் சண்டையைச் சொன்னவர் ஆகியோர் அடையாளம் தெரிந்தால் துன்பப்படுவார்கள். ஆகவே ஊரையும் ஆளையும் பெயர்மாற்றி எழுதுவது வழக்கம். எழுத்தறிவும் கைப்பேசியும் பரவிய இக்காலத்தில் பெயரை மட்டும் மாற்றுவது போதாது. ஊரில் ஒரே ஒரு டிராக்டர் உரிமையாளர் இருந்தால் அவரை எந்தப் பெயரில் எழுதினாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அத்தகைய விவரத்தை விட்டுவிடவோ வேறு விதமாகச் சொல்லவோ வேண்டும்.

தொடக்கத்திலேயே எதற்காக வந்திருக்கிறீர்கள், எழுதியது யாரிடம் போகும் என்று தமிழில் விளக்கி ஒப்புதல் பெறுங்கள். பாதியில் ஒருவர் வேண்டாம் என்றால் அவர் சொன்னதை நீக்கிவிடுங்கள். சமர்ப்பிக்குமுன் முக்கியமானவர்களுக்கு அவரவர் பகுதியைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர் சுட்டுவது தகவல் பிழை என்றால் திருத்த வேண்டும். உங்கள் முடிவு பிடிக்கவில்லை என்றால் அவருடைய மறுப்பையும் அறிக்கையில் சேர்த்து எழுதலாம். தனிமனிதருக்குத் தீங்கு வரும் என்று தோன்றும் பகுதியை மதிப்பெண் குறைந்தாலும் நீக்கிவிட வேண்டும். அதற்கு ஆசிரியரின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.